மலையகத்தில் கேரவனை எங்கே போட்டுத் தூங்குவது?

கேரவனோ கெம்பர் வேனோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு இலங்கை மலையகத்தின் நுவரெலியா, எல்ல பக்கம் வரத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: ராத்திரியில் கள்ளர் பயம் இருக்குமா? கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற நம்மவர்கள் கேட்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் கேட்கிறார்கள். ஐரோப்பாவில் கேரவன் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே கற்ற பாடத்தோடு வருவார்கள்: கண்ணில் படாத இடமாகப் பார், விளக்கை அணை, யாருக்கும் தெரியாமல் படு, விடியுமுன் கிளம்பு. மலையகத்தில் அதை அப்படியே செய்தால் வண்டி போய் நிற்பது பெரும்பாலும் ஒரு மண்மேட்டின் அடியிலோ, ஓடைக் கரையிலோ, பள்ளத்து ஓரத்திலோதான். சமதரையாக ஒரு துண்டு இருந்தால் அதில் ஏற்கெனவே லயமோ (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கோவிலோ பாடசாலையோ லீக்ஸ் பாத்தியோ இருக்கும். இத்தனை காலம் ஒருவரும் தொடாமல் விட்டு வைத்திருக்கிற சமதரைக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் மழை நாளில்தான் தெரியவரும்.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் மண், அடுத்து தண்ணீர், பிறகு வண்டிக்குள்ளே எரிகிற நெருப்பு. கள்ளன் கடைசி.

வெட்டிய பக்கம், நிரப்பிய பக்கம்

மலைப்பாதை எப்படிப் போடப்பட்டது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவி, அதன் விளிம்பில் கல்சுவர் எழுப்புவார்கள். எனவே பாதையின் உள்பாதி பழைய கெட்டி மண், வெளிப்பாதி கொட்டிய மண். தொடர்ந்து மழை பெய்தால் கொட்டிய மண் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். அந்தத் தண்ணீர் வெளியேறத்தான் கல்சுவரின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். இறங்கிப் பார்த்தால் தெரியும். மழைக்குப் பிறகு அவற்றில் நீர் சொட்டினால் நல்லது. புல்லும் மண்ணும் அடைத்து, சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றால் அதன் மேலே வண்டியைப் போடாதீர்கள். பஸ் அந்த இடத்தை ஒரு நொடியில் கடந்துவிடுகிறது. நீங்கள் மூன்று தொன் எடையைப் பத்து மணித்தியாலம் அங்கேயே வைக்கப் போகிறீர்கள்.

சரி, உள்பக்கமாக ஒதுங்கலாமா என்றால், அங்கே வெட்டிய மேடு நெட்டுக்குத்தாக நிற்கும். அதன் அடியில் கான் (வடிகால்) ஓடும். மழை பிடித்தால் முதலில் உருண்டு வருவது கல், அடுத்து மேட்டிலிருந்த மரம். மண் அடைத்த கான் பாதைக்கு ஏறிப் பாயும். எல்ல - வெல்லவாய வீதியில் இராவணா எல்ல அருவியைத் தாண்டியதும் பாறைச் சுவரின் கீழே வண்டி ஒதுக்க அகலமான இடங்கள் உண்டு. பகலில் போட்டோ எடுக்க நல்ல இடம், படுக்க ஆகாத இடம்.

பாதையோரத்தை விட்டு விலகிய இடம்தான் வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளி விளிம்பிலிருந்து சக்கரம் குறைந்தது 2 மீற்றர் உள்ளே இருக்க வேண்டும். மேட்டடியிலிருந்து, மேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். இரட்டிப்புத் தூரம் கிடைத்தால் இன்னும் நிம்மதி. 10 மீற்றர் மேட்டுக்கு 20 மீற்றர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதையோர இடங்களில் முக்கால்வாசி தானாகவே கழிந்துவிடும்.

இடத்தைப் பார்க்கும்போது வண்டிக்குள்ளிருந்து பார்க்காதீர்கள். இறங்கி, தலையைத் தூக்கி மேட்டைப் பாருங்கள். சவுக்கு மரங்களோ டர்பன்டைன் மரங்களோ எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? அடிமரம் வளைந்து, பிறகு நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அந்த மண் பல வருடமாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேட்டின் தலைப்பில் பிறை வடிவத்தில் வெடிப்பு, காய்ந்த நாளிலும் ஓரிடத்தில் மட்டும் ஊறுகிற தண்ணீர், தேயிலை வரிசை நடுவில் ஓர் அடி கீழே இறங்கி உடைந்திருப்பது எல்லாம் அதே கதைதான். தார்ப்பாதையையும் குனிந்து பாருங்கள். பாதையின் குறுக்காக வருகிற வெடிப்பைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். நெடுக்காக ஓடி, வெளிப்பாதி ஒரு விரல் கடை அளவு இறங்கியிருந்தால், அதிலும் அந்த இடத்தில் தார் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத் தடித்திருந்தால், உடனே அடுத்த இடம் தேடுங்கள்.

இதையெல்லாம் வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். இலங்கையில் வருடம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டியே மறைகிறது. நானுஓயா, பட்டிப்பொல, ஹப்புத்தளைப் பக்கமோ நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கிவிடும். பின்னேரம் மூன்றரைக்குள் இடத்தை முடிவு செய்ய முடியாது என்று தெரிந்தால் அன்றைக்குப் பயணத்தைச் சுருக்கிக்கொள்வதே மேல். இருட்டில் இடம் தேடி, குறுக்கு வழி என்று ரதெல்லப் பாதை மாதிரியான இறக்கத்தில் லொறி அளவு கேரவனை விடுவது மடத்தனம். கனரக வாகனங்களுக்கு அங்கே தடையே இருக்கிறது.

மழையை அளப்பது

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறத்தில் வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருங்கள் என்று. 100 தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராகுங்கள் என்று. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், சிவப்பு. அதற்கு வெளியேறு என்று பொருள். எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வரும். அதனால் நீங்கள் நிற்கிற ஊர் எந்தப் பிரிவில் வருகிறது என்று பின்னேரமே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொஸ்லந்தையில் நிற்கிறவர் செய்தியில் ஹல்துமுல்ல என்ற பெயரைத்தான் கவனிக்க வேண்டும்; கொஸ்லந்தை என்று வரவில்லையே என்று நினைத்துத் தூங்கிவிடக் கூடாது.

அந்தக் கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டத்தில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்கள் சரிந்தன. நாடு முழுவதும் இறந்தவர்கள் அறுநூறுக்கும் மேல். லயம் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் மண் பத்திரமானது என்ற முடிவுக்கு வர முடியாது. ஆட்களிடம் கேட்கலாம் என்பதுதான் அதிலுள்ள நன்மை.

போனில் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் நிறைய. ஒரு கம்பனி எடுக்காத இடத்தில் மற்றது எடுக்கும் என்பதால் இரண்டு கம்பனி சிம் வைத்திருங்கள். ஆனாலும் மழையை நீங்களே அளக்கலாம். நேரான உடம்புள்ள ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி, வெட்டிய கழுத்தைத் தலைகீழாக அதே வாய்க்குள் செருகுங்கள். போத்தலின் அடி குழியும் மேடுமாக இருக்கும், ஆகவே அது மறைகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பேனையால் ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூச்சியம். அங்கிருந்து அளவுகோலால் 75, 100, 150 மில்லிமீற்றரில் கோடு. சாயாதபடி வெளியே இரண்டு கல்லை அண்டக் கொடுத்து, மரமும் வண்டியும் மறைக்காத வெளியில் நிறுத்திவிட்டால் போதும். மழை பிடித்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை டோச் அடித்துப் பாருங்கள். அரை மணியில் 35 தாண்டியிருந்தால் அடுத்த அரை மணிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

போவது எங்கே என்பதைப் படுக்குமுன்பே முடிவு செய்திருக்க வேண்டும். கொட்டும் மழையில், நடுச்சாமத்தில், தெரியாத கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி எடுப்பதும் ஆபத்துத்தான். எனவே நடந்தே போய்ச் சேரக்கூடிய ஒரு கட்டடம் (பாடசாலை, கோவில் மண்டபம், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலை, எதுவானாலும்) சரிவுக்கு விலகி இருக்கிறதா என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். மழையே பெய்யாவிட்டாலும் சில குறிகள் கண்டால் உடனே கிளம்ப வேண்டும். தெளிவாக ஓடிய கான் தண்ணீர் திடீரென்று சேறாவது, ஓடிக்கொண்டிருந்த ஓடை சட்டென்று வற்றுவது (மேலே மண் அடைத்துத் தேங்குகிறது; உடைந்தால் மொத்தமாக வரும்), மேலேயிருந்து வேர் அறுகிற சடசடப்பு, சின்னக் கற்கள் விடாமல் உதிர்வது. அப்போது வண்டியைப் பார்க்காதீர்கள். பள்ளத்தை நோக்கியும் ஓடாதீர்கள். மண் வருகிற பாதைக்குப் பக்கவாட்டாக, உயரமான பக்கம் நடந்து விலகுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, பொலிஸ் 119, அம்பியுலன்ஸ் 1990.

எந்த மாதம் எந்தப் பக்கம் என்பதிலும் பாதிச் சிக்கல் தீரும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேன, வட்டவளைப் பக்கத்துக்கு மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அந்த மாதங்களில் பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல பக்கம் காய்ந்திருக்கும், ஆனால் காற்று பிய்க்கும். ஹப்புத்தளை முகட்டில் நின்றால் வண்டியின் மூக்கைக் காற்றுக்கு முகம் கொடுக்க வைத்து, பக்கத்து ஓனிங்கை (நிழல் துணியை) சுருட்டிவிடுங்கள். ஊவாப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேர இடிமழை உண்டு. மலையகத்தில் வண்டியில் படுக்க மிக மோசமான இரண்டு மாதம் அவைதான்.

ஆறும் அணையும்

ஆற்றோரம் சமமாக, மணலாக, குளிக்க வசதியாக இருக்கும். கித்துல்கலையில் களனி கங்கைக் கரையைப் பார்த்தால் யாருக்கும் அங்கேயே படுக்கத்தான் ஆசை வரும். ஆனால் அந்த ஆற்றின் மட்டம் வானத்தை மட்டும் பார்த்து ஏறுவதில்லை. மேலேயுள்ள மின்நிலையம் தண்ணீர் விட்டாலும் ஏறும். ஒரு துளி மழை இல்லாத இரவிலும் ஏறும். நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஸபான, கனியோன், தலவாக்கலை மேல் கொத்மலை அணைகளின் கீழ்ப்பகுதியும் அப்படித்தான், மழைக்காலத்தில் வான்கதவு எந்நேரமும் திறக்கலாம். கரையில் பாறைகள் எந்த உயரம் வரை பாசியின்றி வெளுத்திருக்கின்றன, புதரில் குப்பையும் பொலித்தீனும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் அந்த மட்டம் வரை வந்து போயிருக்கிறது. அதற்கும் மேலே நிற்க இடமில்லை என்றால் குளித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கட்டை, கியர், ஹேண்ட் பிரேக்

நீண்ட இறக்கம் இறங்கி வந்து நின்றதும் பிரேக் கொதிக்கிற சூட்டில் இருக்கும். பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள வண்டியானால், சூட்டில் ஹேண்ட் பிரேக் இழுத்தால் அது ஆறும்போது டிஸ்க் சுருங்கிப் பிடி தளரும். நிறுத்தி இருபது நிமிடத்துக்குப் பிறகு இன்னொரு தரம் இறுக்க வேண்டும். ட்ரம் உள்ள பழைய ஹையேஸ், ரோசா போன்றவற்றில் இதற்கு நேர்மாறு: ட்ரம் சுருங்கி லைனிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், காலையில் சக்கரம் நகர மறுக்கும். அவற்றைச் சமதரையில் கியரிலும் சக்கரக் கட்டையிலும் நிறுத்தி, பிரேக் ஆறிய பிறகு ஹேண்ட் பிரேக் இழுப்பது நல்லது.

மூக்கு ஏற்றத்தைப் பார்த்தால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். ஓட்டோ கியர் வண்டியில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் 'பி'யில் போட்டு, பிறகு ஹேண்ட் பிரேக். அப்படிச் செய்தால் முழுப் பாரமும் கியர்ப்பெட்டிக்குள்ளே உள்ள ஒரு சின்னப் பல்லில் தொங்கும். காலால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை எடுத்து வண்டி அதில் உட்கார்ந்த பிறகு 'பி'க்கு மாற்றுங்கள். முன்சக்கரங்களை மேட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். எல்லாம் விட்டுப்போனாலும் வண்டி மேட்டில் முட்டி நிற்கும், பள்ளத்தில் இறங்காது.

கட்டையின் உயரம் டயர் விட்டத்தில் கால்பங்காவது வேண்டும். 66 சென்ரிமீற்றர் டயருக்கு 16, 17 சென்ரிமீற்றர். சுப்பர் மார்க்கெட்டில் விற்கிற மஞ்சள் பிளாஸ்ரிக் கட்டைகள் காருக்கானவை, ஈரத் தரையில் வழுக்கும். மரம் அரிகிற ஆலையில் ஆப்பு வடிவத்தில் நாலு வெட்டித் தரச் சொல்லுங்கள், அடியில் பழைய டயர்த் துண்டு அடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு மீற்றர் கயிறு கட்டி, நுனியைக் கதவுப் பக்கம் விட்டு வைப்பது அவசியம். உருளாமல் நிற்பதும் அவசரத்துக்கு ஓடுவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல். கயிறு இருந்தால் கதவைக் கொஞ்சம் திறந்து கட்டையை இழுத்துவிட்டுக் கிளம்பலாம். கட்டைக்குப் பதில் பாதையோரக் கல்லை வைக்கிற லொறிக்காரர் பழக்கம் நமக்கு வேண்டாம். கிளம்பும்போது கல்லை அங்கேயே விட்டுவிடுவார்கள், பின்னால் பனியில் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் பாடு அவன் தலையெழுத்து.

குளிரும் கேஸும்

நுவரெலியாவில் டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை இரவில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். சில நாட்களில் புல்லில் உறைபனி படியும். இந்தக் குளிரில்தான் ஆட்கள் செய்யக்கூடாததைச் செய்கிறார்கள். கறி வாட்டிய கரியடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதே என்று வண்டிக்குள் எடுத்து வைத்துக் கதவைச் சாத்துவது அதில் முதலாவது. புகை இல்லாத தணலிலிருந்துதான் காபன் மொனொக்சைட் அதிகம் வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, தூங்குகிறவர் எழுவதில்லை. கேஸ் அடுப்பை எரிய விட்டுக் குளிர் காய்வது, ஹீற்றருக்காக எஞ்சினை ஓட விட்டுப் படுப்பது, மண்ணெண்ணெய் ஹீற்றர் எல்லாம் அதே வழிதான். தலையிடியும் குமட்டலும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் உடனே வெளியே வாருங்கள்.

கேரவனுக்கென்று உள்ள காபன் மொனொக்சைட் அலாரம், ஈஎன் 50291-2 என்று முத்திரை உள்ளது, ஒன்று கொண்டு வாருங்கள். படுத்திருக்கும்போது தலை இருக்கிற உயரத்தில், அடுப்பிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி மாட்டுங்கள். காலாவதித் திகதி பின்பக்கத்தில் இருக்கும். சமையல் கேஸைக் கண்டுபிடிக்கிற அலாரம் வேறு, அதைத் தரைக்கருகே வைக்க வேண்டும், அந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால்தான் சிலிண்டர் பெட்டியின் அடித்தட்டில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். குளிர் ஏறுகிறது என்று அந்த ஓட்டையைத் துணி வைத்து அடைக்கிறவர்கள், டேப் ஒட்டுகிறவர்கள் உண்டு. கசிந்த வாயு வெளியேற வழியில்லாமல் தரையில் தேங்கி நிற்கும், காலையில் தீக்குச்சி உரசும்வரை.

இன்னொரு சிக்கல். இங்கே விற்கிற வீட்டுப் பாவனைக் கேஸில் பியூட்டேன்தான் கூடுதல். அது பூச்சியம் பாகையை ஒட்டினால் ஆவியாகாது. ஆகவே கொழும்பில் நன்றாக எரிந்த அடுப்பு அம்பேவெலவில் விடியற்காலை மினுக்கு மினுக்கென்று எரியும். சிலிண்டர் முடிந்துவிட்டது என்று நினைத்து மாற்றாதீர்கள், வெந்நீரில் வைக்காதீர்கள், நெருப்புக் காட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். வெயில் ஏறினால் தானாகச் சரியாகும். அதுவரை இரவே வெந்நீர் ஊற்றி வைத்த பிளாஸ்க் போதும். படுக்குமுன் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது. சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். குழாய் பொருத்துகிற இடங்களில் சவர்க்கார நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. மலைப்பாதைக் குலுக்கலில் கிளிப் தளர்வது வழக்கம் என்பதால் இதைக் கொழும்பில் ஒருமுறை செய்ததோடு விடாமல் மேலே வந்த பிறகும் செய்யுங்கள்.

டீசல் ஹீற்றர் பொருத்திய வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் புகைக்குழாய் வாய் யன்னலுக்குக் கீழேயோ, பின்னால் உள்ள மேட்டுக்கு முகம் பார்த்தோ இருக்கக் கூடாது. 1,900 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எண்ணெய் சரியாக எரியாமல் கரி பிடிக்கும். உயரத்துக்கேற்ற அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நல்ல கம்பளி இரண்டு, கூரைக் காற்றுவழியை இரண்டு விரல் திறந்து விடுவது, அவ்வளவுதான்.

கேட்டுப் போடுவது

இனி ஆட்கள் விஷயம். மலையகத்தில் கேரவன் மறைந்து நிற்க முடியாது. நீங்கள் பார்க்கவில்லை என்றாலும் மேல் லயத்திலிருந்து உங்களைப் பார்த்தாகிவிட்டது. கேட்காமல் நின்றால் சந்தேகம். கேட்டு நின்றால் விருந்தாளி. தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் 1992க்குப் பிறகு கம்பனிகள் கையில். அதனால் வாச்சர் (காவல்காரர்) தலையாட்டினால் மட்டும் போதாது, துரை என்கிற தோட்ட முகாமையாளரிடமோ ஸ்டோரில் தேயிலை தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கரிடமோ ஒரு வார்த்தை போக வேண்டும். பேச்சு பெரிதாக இருக்கத் தேவையில்லை:

“அண்ணே, இன்னைக்கு ராத்திரி மட்டும் இங்கன வண்டியப் போட்டுக்கலாமா? காலையில ஆறு மணிக்கெல்லாம் எடுத்துருவோம்.”

“போடலாம் தம்பி. துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. ஆனா அந்தப் பக்கம் வேணாம், மழை பேஞ்சா மேல இருந்து கல்லு வரும். இந்தப் பீலிப் பக்கமாப் போடுங்க.”

(பீலி என்பது லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற இடம்.) அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்துக்காகத்தான் கேட்கச் சொல்கிறோம். எந்த ஆப்பிலும் அது கிடைக்காது. சிங்களம் பேசுகிற ஊர்களில் “மாத்தயா, அத ரே மெதன வாஹனே நவத்தன்ன புளுவன்த?” என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாலும் முகம் மலர்ந்து இடம் காட்டுவார்கள்.

எங்கள் கணக்கில் முதலிடம் விருந்தினர் விடுதி முற்றத்துக்கு. சின்னக் கட்டணம், கக்கூஸ், கேற், நாய், எல்லாம் ஒரே இடத்தில். அடுத்தது ஸ்டோர் முற்றம். கொழுந்து இரவு முழுக்க வாடி, விடியுமுன்னே அரைக்கத் தொடங்குவதால் வெளிச்சமும் ஆளும் இருக்கும். கொழுந்து லொறி வருகிற வழியை மறிக்காமல் நிறுத்த வேண்டும், அவ்வளவே. பெற்றோல் செட்டில் முகாமையாளரைக் கேட்டால் சில இடங்களில் விடுவார்கள், ஆனால் அங்கே அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கோவில் வளவென்றால் நிர்வாகசபையைக் கேளுங்கள். மச்சச் சமையலும் (மீன், இறைச்சி) போத்தலும் வண்டிக்குள்ளும் வேண்டாம். சிவனொளிபாத மலைக் காலத்தில், அதாவது டிசெம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை, நல்லதண்ணி வாகனத் தரிப்பிடம் இரவெல்லாம் பஸ்ஸும் வெளிச்சமும் பொலிஸுமாக இருக்கும். தூக்கம் வராது, பயமும் வராது. காலம் முடிந்த பிறகு அதே இடத்தில் அட்டைக்கடியும் அடைமழையும்தான்.

தவிர்க்க வேண்டியது வியூ பொயின்ற். இரவு ஒன்பதுக்குப் பிறகு அங்கே வருகிறவர்கள் காட்சி பார்க்க வருவதில்லை. காலையில் தரையில் கிடக்கிற போத்தல் ஓடுகளைப் பார்த்தாலே விளங்கும். ஹோட்டன் சமவெளி போன்ற பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் தங்கக் கூடாது. மலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கிவிட்டால் யானைக் காடு தொடங்குகிறது. தணமல்வில, புத்தல பக்கம் பாதையோரத்தில் படுப்பதை மறந்துவிடுங்கள்.

களவு என்று நடப்பது பெரும்பாலும் கைக்கெட்டுகிற பொருள்: யன்னலோரப் போன், வெளியே விட்ட சப்பாத்து, கட்டாத கேஸ் சிலிண்டர், கதிரை. திரையை இழுத்து, சாரதி ஆசனத்தில் எதுவும் வைக்காமல், சாவியை எல்லாருக்கும் தெரிந்த ஒரே கொக்கியில் மாட்டுங்கள். மனம் ஒப்பாத ஆள் கதவைத் தட்டினால் இறங்காமல் உள்ளிருந்தே பேசுங்கள், ஹோர்ன் அடியுங்கள். ஸ்டோருக்கோ லயத்துக்கோ கேட்கிற தூரத்தில் நின்றால்தான் ஹோர்னுக்குப் பயன். ஐரோப்பாவில் கேரவனுக்குள் மயக்க வாயு அடித்துத் திருடுகிறார்கள் என்ற பேச்சை நம்மவர்கள் இங்கேயும் கொண்டு வருகிறார்கள். அப்படிச் செய்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்று பிரித்தானியாவின் மயக்கமருந்து வைத்தியர் கழகமே சொல்லிவிட்டது. பயப்பட வேண்டிய வாயு மேலே சொன்னதுதான், அதை நீங்களே கொண்டு வருகிறீர்கள்.

ரோந்து பொலிஸ் வந்து தட்டுவதும் உண்டு. வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். வெளிநாட்டுச் சாரதிகளுக்கு சர்வதேச அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தின் அங்கீகாரமோ மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரமோ வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால் காப்புறுதியும் கையை விரிக்கும்.

கழிவுத் தண்ணீரைக் கானில் திறந்து விடுவதுதான் இங்கே சண்டைக்கு மிகக் குறுகிய வழி. மேலேயிருந்து ஓடுகிற கான் கீழே இன்னொரு லயத்துப் பீலியில் கலக்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து, நீர்நிலைக்கு விலகிய மண்ணில் ஊற்றுங்கள். கக்கூஸ் தொட்டியை விடுதியில் கேட்டுக் காலி செய்யுங்கள்.

குளவி, சிறுத்தை, கம்பி

தோட்டத்தில் கொழுந்தெடுக்கிற பெண்கள் சிறுத்தையைவிடக் குளவிக்குத்தான் பயப்படுவார்கள். அது நியாயமான பயம். நிறுத்துமுன் மரக்கிளைகளையும் பாறை விளிம்பையும் அண்ணாந்து பாருங்கள். கூடு இருந்தால் அதன் கீழே அடுப்புப் புகை போகக் கூடாது. கலைந்துவிட்டால் ஓடி வண்டிக்குள் புகுந்து யன்னலை ஏற்றுங்கள், உள்விளக்கை அணையுங்கள். பல இடத்தில் கொட்டு வாங்கியவரையும் மூச்சு முட்டுகிறவரையும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஹட்டன் பக்கம் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, மற்றபடி நுவரெலியா, தியத்தலாவ, பதுளை.

சிறுத்தை தேயிலை மலைகளில் சாதாரணமாக நடமாடுகிறது, ஆனால் அது தேடுவது நாயை. நாயை வெளியே கட்டாதீர்கள், எலும்பையும் சோற்றையும் வெளியே போடாதீர்கள். இரவில் தேயிலைக்குள்ளோ மரக்கறித் தோட்டத்துக்குள்ளோ ஒதுங்கப் போகாதீர்கள் என்பது இதைவிட முக்கியம். காட்டுப்பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைத்திருப்பார்கள், சில இடங்களில் களவாக மின்சாரமே கொடுத்திருப்பார்கள். கம்பியில் சிறுத்தையே செத்துக் கிடக்கிறது, டோச் இல்லாத மனிதன் எம்மாத்திரம்.

காலையில் கிளம்பும்போது அடித்தட்டின் கீழே ஒருமுறை குனிந்து பாருங்கள். நாய்க்குட்டி படுத்திருக்கலாம், இரவில் டயருக்குக் கீழே மண் கரைந்திருக்கலாம். கட்டைகளை எடுத்து, ட்ரம் ஒட்டியிருந்தால் முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி விடுவியுங்கள், அக்சிலரேற்றரை மிதித்துப் பிய்க்காதீர்கள். ஈர இரவுக்குப் பிறகு பிரேக்கில் மெல்லிய துரு படிந்திருக்கும், முதல் மிதியில் ஒரு பக்கம் கடித்து வண்டியை இழுக்கும். ஆகவே முற்றத்துக்குள்ளேயே இரண்டு மூன்று தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் கியரில் இறக்கத்தில் இறங்குங்கள்.